நாற்பத்தேழாம் குழாய்

பி.சி.ஆர். மெஷினின் மூடி இறங்கி டக்கென்று பூட்டிக்கொண்டதும் அம்சவேணியின் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. யாரைத் திட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. நாற்பது சுற்று, ஒரு மணி நாற்பது நிமிடம் என்று திரையில் பச்சை எழுத்து ஓட ஆரம்பித்தது. மணி ஒன்றே முக்கால். மூன்றரைக்குள் முடிந்துவிடும். நாலு மணிக்குத் திருமூர்த்தி சாருக்கு மீட்டிங், டெஸ்ட் கிட் தயாரிக்கிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு ரிசல்ட்டைப் படம் போட்டுக் காட்ட வேண்டும், அதுவும் அழகான படம், சார் வாயால் சொன்னால் 'பார்த்த உடனே புரியற மாதிரி'. ஆமாமா, புரியட்டும், எல்லாருக்கும் நல்லாப் புரியட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேலத்துக்கு வெளியே இந்த மெடிக்கல் காலேஜில் பதினாறு வருஷமாக ரத்தம் எடுத்த கை அவளுடையது. அதில் கடைசி மூன்று வருஷம் இந்த மூன்றாவது மாடி ஆராய்ச்சி லேபில், சாருக்குக் கீழே. அந்தக் கை இன்றைக்கு சாருக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்திருந்தது. மெஷினுக்குள் போன தட்டில் தொண்ணூற்றாறு குழி. சார் கேட்டது அறுபது. மீதி காலியாகக் கிடந்ததில் இருபதை அம்சவேணி எடுத்துக்கொண்டாள். கேட்காமல்தான் எடுத்தாள். கேட்டால் கொடுத்துவிடுவாரா என்ன.

சார் விளக்குவார், ரொம்ப நன்றாக விளக்குவார், பரீட்சைக்கு வந்த பிள்ளைகளுக்கு விளக்குகிற மாதிரி. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு படிஞ்சு ஒரு நாள் அடைச்சுக்குது, அதுதான் பக்கவாதம், அடைச்ச உடனே சி.டி. ஸ்கேன் எடுத்தா ஒண்ணும் தெரியாதும்மா, சுத்தமா இருக்கும், ஆனா ரத்தத்துல மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு குட்டிக் குட்டித் துண்டுங்க இருக்கு, இருபத்திரண்டு எழுத்து நீளம்தான், அதுல ஒரு மூணு மட்டும் அடைப்பு வந்தவங்ககிட்ட ஏறி நிக்குது, நம்ம மூணு! நம்ம மூணாம். பேர் வைத்துப் பொட்டு வைத்துக் காது குத்தி வளர்த்த மாதிரி. கிட்டுக்கு அட்டைப்பெட்டி கூட வரைந்தாகிவிட்டது, மேலே 'ஒரு சொட்டு ரத்தம், ஒரு மணி நேரம்' என்று போட்டிருக்கிறது. அந்த வரியைப் படித்த அன்றைக்கு அம்சவேணி பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சார் அதைச் சந்தோஷம் என்று நினைத்தார். சந்தோஷமும்தான், பொய் சொல்வானேன். அண்ணன் கேஷுவால்டிக்கு வந்த அன்றைக்கு இப்படி ஒரு பெட்டி மட்டும் அந்த மேஜையில் இருந்திருந்தால், இருந்திருந்தால் என்று ஒன்றரை வருஷமாக அவள் அரைத்துக்கொண்டிருக்கிற மாவு அது. இருந்திருந்தால் அந்த டியூட்டி டாக்டர் பயல், மீசை கூட ஒழுங்காக முளைக்காதவன், அண்ணன் தோளைத் தட்டி அப்படிச் சொல்லியிருக்க முடியுமா?

அண்ணன் பேர் அர்த்தநாரி. சங்ககிரி, திருச்செங்கோடு ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர், இருபத்தாறு வருஷம். கம்பியைப் பிடிக்க மாட்டான். அது அவனுக்கு ஒரு திமிர். டிரைவர் பிரேக் போட்டால் பஸ்ஸே முன்னால் சாயும், இவன் மட்டும் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு நட்டுவைத்த கல்லாக நிற்பான். அன்றைக்குக் காலை எட்டே முக்காலுக்கு அவனே கம்பியைப் பிடித்தானாம். தலை சுத்துது, வாந்தி வருது, பஸ் ஒரு பக்கமா இழுக்குதுன்னு சொன்னானாம். டிரைவர்தான் போகிற வழியில் இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, அம்சவேணி வேலை பார்க்கிற இடம் என்று இங்கேயே அனுப்பினார். ஒன்பதே காலுக்குக் கேஷுவால்டி. இவள் மாடியிலிருந்து ஓடி வந்து பார்த்தால் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கிறான். "ஒண்ணுமில்ல அம்சு, காலைல வெறும் வயித்துல கெளம்பிட்டேன்." அந்தச் சமயத்தில் என்ன செய்ய வேண்டும் ஒரு தங்கச்சி? டாக்டரைப் பிடித்து உலுக்க வேண்டாமா? இவள் என்ன செய்தாள் என்றால், பக்கவாதச் சந்தேகத்தோடு யார் வந்தாலும் ஆராய்ச்சிக்கு ஒரு குழாய் ரத்தம் எடுக்க வேண்டும் என்கிற புத்தி வேலை செய்து, சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினாள். அண்ணனிடம்! அவனும் கையெழுத்துப் போட்டான். கோட்டுக்கு மேலே ஆரம்பித்த எழுத்து இரண்டு கோடு கீழே போய் இறங்கியது. அதைப் பார்த்து இவள் சிரித்தாள். "என்னண்ணா, கோழி கெளறுனாப்ல போட்டிருக்க?" சிரித்தாள் பாவி. பதினாலு வருஷ சர்வீஸ், ஒன்றரை வருஷம் பக்கவாத ஆராய்ச்சி, கை தடுமாறுவது கண்ணெதிரே நடக்கிறது, கோழியாம் கோழி.

திரையில் ஏழாவது சுற்று. எல்லாக் கோடும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. இன்னும் ஒன்றும் தெரியாது. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு யாரோ பெயின்ட் டப்பா வைத்திருக்கிறார்கள், அது டொக் டொக் என்கிறது, சனியன், அதை எடுத்து வீசலாமா என்று இருந்தது. அன்றைக்கு ரத்தம் எவ்வளவு அழகாக எடுத்தாள்! அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மற்றவர்களுக்கெல்லாம் கேஷுவால்டியில் எடுத்து அனுப்புகிற லட்சணம் தெரியாதா, குளுக்கோஸ் ஏற்றக் குத்தின ஊசி வழியாகவே சிரிஞ்சைப் போட்டு உறிஞ்சுவார்கள், அப்புறம் குழாய்க்குள் பீய்ச்சி அடிப்பார்கள், பாலிதீன் கவரில் போட்டு மேஜை ஓரம் வைப்பார்கள், யாருக்கு எப்போது கை ஒழிகிறதோ அப்போது மாடிக்கு வரும். அண்ணனுக்கு மட்டும் இவள் புது ஊசியாக எடுத்து, கையில் கட்டின பட்டையை உடனே தளர்த்தி, நிதானமாக, குழாயின் ஓரத்தில் வழிய விட்டு எடுத்தாள். ரத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றுகிற மெஷினில் சுற்றித் தெளிய வைக்க வேண்டும், சாரின் விதி. இவள் அரை மணியில் சுற்றினாள். மேலே ஓடி, சுற்றி, மேலே தெளிந்த மஞ்சள் நீரை மட்டும் உறிஞ்சி, நாற்பத்தேழு என்று எண் போட்டு மைனஸ் எண்பது டிகிரி பெட்டியில் வைத்து, ஒழுங்காக, அச்சுப் பிசகாமல் எல்லாம் செய்துவிட்டுக் கீழே வந்தால் கட்டில் காலி. சி.டி. சுத்தமாக இருந்ததாம். கேஸ்ட்ரிக்காம். ஒரு ஊசி போட்டு, "ஒண்ணுமில்ல பெரியவரே, போய் நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க" என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்களாம். பெரியவராம், ஐம்பத்தொரு வயசுக்காரனைப் பார்த்து. அடைப்பைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணி நேரம் கெடு. ரத்தத்துக்கு ஒரு மணி நேரக் கெடு. இவள் ரத்தத்தின் கெடுவைக் காப்பாற்றினாள்.

அப்போதும் பின்னாலேயே ஓடியிருக்கலாம். பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் போயிருப்பான். போன் போட்டாள், எடுத்தான், "வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கறேன் அம்சு" என்றான், நாக்கு கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது, போட்ட ஊசி மயக்கமாக இருக்கும் என்று இவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். டாக்டரே சொல்லிட்டாரே என்று ஒரு நிம்மதி வேறு. மறுநாள் காலை அண்ணி கௌசல்யா போன் செய்து, "அம்சு, உங்கண்ணன் எந்திரிக்க மாட்டேங்கறாரு, தலையே நிக்க மாட்டேங்குது" என்று அலறினபோதுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கழுத்துக்குப் பின்னால் போகிற குழாயில் கொழுப்பு படிந்து அடைத்து, சிறுமூளையில் ஒரு பக்கம் போய்விட்டது. அந்த டாக்டரை என்ன பண்ணினாள் என்று கேட்காதீர்கள். அவன் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துப் போய்விட்டான். போகும்போது இவளிடம் லட்டு கொடுத்தான். இவள் வாங்கிக்கொண்டாள். அந்த லட்டை என்ன செய்தாள் என்று ஞாபகமே இல்லை, தின்றுதான் இருப்பாள்.

போன் அடித்தது. சார்.

"என்னம்மா அம்சவேணி, போட்டாச்சா?"

"ஓடுது சார். மூணரை ஆயிடும்."

"நல்லா வரணும்மா. நாப்பத்தேழு வெச்சிருக்கல்ல? அதான் நம்மகிட்ட இருக்கறதுலயே பெஸ்ட் சாம்பிள், அரை மணி நேரத்துல ஸ்பின் பண்ணினது. அதை முன்னாடி காட்டலாம்."

"வெச்சிருக்கேன் சார்."

வைத்திருக்கிறேன் சார், வைத்திருக்கிறேன், தொண்டை வரைக்கும் வைத்திருக்கிறேன். நாற்பத்தேழு யார் என்று சாருக்குத் தெரியாது. எண்தான் தெரியும். பேர் இருக்கிற நோட்டு பீரோவில், சாவி இவளிடம். லேப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் 'நாப்பத்தேழு மாதிரி இருக்கணும்' என்று மூன்று தடவை பாராட்டியிருக்கிறார், மூன்று தடவையும் இவள் தலையை ஆட்டினாள். கெட்டவர் இல்லை மனுஷன், அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது, கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை மனசுக்குள்ளாவது நிம்மதியாகத் திட்டலாம். தன் அம்மாவும் வாதத்தில்தான் போனார் என்று சொல்லிக் கண் கலங்குவார். கலங்கின கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவையாவது குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாரா? சரி, அவர் பார்க்கவில்லை. நீ பார்த்தாயா? இந்த இடத்துக்கு வந்தால் அம்சவேணியின் கோபத்துக்குப் போக வேறு இடமே இல்லாமல் போய்விடும், சுற்றிச் சுற்றி அவள் தலையிலேயே வந்து உட்காரும்.

ரிஜிஸ்டரில் 'நிறம்' என்று ஒரு கட்டம் உண்டு. தெளிந்த நீர் மஞ்சளாக இருந்தால் 'தெளிவு' என்று எழுத வேண்டும். சிவப்பு தட்டியிருந்தால் சிவப்பு அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம், அந்தக் குழாயைத் தூக்கிப் போட வேண்டும். குழாய் கையில் இருக்கும்போதே எழுத வேண்டிய கட்டம். எவள் எழுதினாள்? வாரம் முழுக்கக் கட்டம் காலியாகக் கிடக்கும், சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில் மேலேயிருந்து கீழே வரைக்கும் தெளிவு, தெளிவு, தெளிவு, தெளிவு. கடைசி இரண்டு வரிக்கு மேற்படி என்று புள்ளி வேறு. எல்லா லேபிலும் அப்படித்தான், எவளைக் கேட்டாலும் அப்படித்தான், அதனால் என்ன, எழுதினது இவள் கை. போன வாரம் மைனஸ் எண்பது பெட்டி பழுதாகி, குழாய்களை எல்லாம் எடுத்து ஐஸில் அடுக்கினபோதுதான் டியூப்லைட் வெளிச்சத்தில் முதல்முறையாக மொத்தத்தையும் ஒன்றாகப் பார்த்தாள். ஒரு பக்கம் அறுபது நோயாளிகள். ஒரு பக்கம் அறுபது ஆரோக்கியமானவர்கள், காலேஜ் ஸ்டாப்புக்கு நடந்த செக்கப் முகாமில் காலை நேரம் சாவகாசமாக உட்கார வைத்து எடுத்தது. அந்தப் பக்கம் எல்லாம் நல்லெண்ணெய் மஞ்சள். இந்தப் பக்கம் நாற்பத்தேழைத் தவிர ரோஸ், ரோஸ், ரோஸ், சிலது ரோஸ்மில்க். சாரின் மூன்றும் சிவப்பு அணுவுக்குள் கொட்டிக் கிடக்கிற சமாச்சாரம். அணு உடைந்தால் தானாக வெளியே வரும். அப்படியானால் ஏறி நிற்கிறது பக்கவாதமா, கேஷுவால்டி சிரிஞ்சா? ஐஸ் பெட்டி முன்னால் கை விறைக்க நின்றாள்.

சாரிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள் கூட. "சார், கொஞ்சம் பிங்க்கா இருக்கற மாதிரி..." என்று ஆரம்பித்ததும் சார் ரிஜிஸ்டரைப் புரட்டினார், "எல்லாமே தெளிவுன்னு நீதானம்மா எழுதியிருக்க?" என்றார், ரொம்ப அன்பாக. அதோடு வாய் மூடிக்கொண்டது. பொய் எழுதினேன் சார் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் வேலை போகும். போனால் அண்ணன் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், இன்று காலையில் கூடப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். பாத்ரூமுக்குச் சுவரைத் தடவித் தடவிப் போகிறான், இடது பக்கமே சாய்கிறான், சுவரில் அவன் கை உயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு விழுந்திருக்கிறது. வெறும் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்று கௌசல்யா தண்ணீரில் ராகி மாவைக் காய்ச்சி ஊற்றிக் கெட்டியாக்கித் தருகிறாள். விசிலை இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறான், ஒரு நாள் எடுத்து ஊதப் பார்த்தான், எச்சில்தான் வந்தது. "அந்த டெஸ்ட் எப்ப அம்சு வருது?" என்று கேட்பான், குழறிக் குழறி, 'டெஸ்ட்' மட்டும் தெளிவாக வரும். "சீக்கிரம்ணா." "என் ரத்தமும் அதுல இருக்குதல்ல?" "இருக்குதுண்ணா, நீதான் பெஸ்ட்டாம், சாரே சொன்னாரு." அதைக் கேட்டால் அவன் முகத்தில் ஒரு களை வரும். கம்பியைப் பிடிக்காமல் நின்ற காலத்துத் திமிரில் ஒரு துளி. அதை நீ எப்படியடி பிடுங்குவாய், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு?

இருபதாவது சுற்று. கோடுகள் தலை தூக்க ஆரம்பித்தன. சீக்கிரம் ஏறுகிற கோடு என்றால் சரக்கு அதிகம், தாமதமாக ஏறினால் குறைவு, அவ்வளவுதான் கணக்கு. இதுவரைக்கும் பத்துப் பேர் ரத்தத்தை ஒன்றாகக் கலந்துதான் ஓட்டியிருந்தார்கள். இன்றைக்குத்தான் முதல்முறையாக ஆளாளுக்குத் தனிக் குழி. நோயாளிகள் பத்துப் பேர், ஆரோக்கியம் பத்துப் பேர். இவள் திருட்டுத்தனமாகப் போட்ட இருபது குழியும் அந்த நோயாளிகள் பத்துப் பேருடையது, அணு உடைந்ததா என்று காட்டிக்கொடுக்கிற இரண்டு துண்டுகளுக்காக. ஒன்று சிவப்பு அணுவிலேயே குடியிருப்பது, இன்னொன்று உடைந்தாலும் உடையாவிட்டாலும் மாறாதது. இரண்டுக்கும் நடுவே ஐந்து சுற்றுக்குள் வித்தியாசம் இருந்தால் சுத்தம். ஏழைத் தாண்டினால் உடைந்தது. அம்சவேணி மெஷினிடம் பேரம் பேச ஆரம்பித்தாள். மற்ற ஒன்பதும் எக்கேடு கெட்டும் போகட்டும். நாற்பத்தேழு சுத்தம், அது எனக்கே தெரியும், இந்தக் கை எடுத்தது. அது சுத்தமாகவும் இருந்து, சாரின் மூன்றும் அதில் ஏறியும் இருந்தால் டெஸ்ட் நிஜம். மற்றக் குழாய் அழுக்காக இருந்தால் என்ன, டெஸ்ட் நிஜம். நான் வாயைத் திறக்க வேண்டாம், அந்த இருபது குழியையும் அழித்துவிடுகிறேன், ரிஜிஸ்டர் அப்படியே கிடக்கட்டும், கிட் வரட்டும், கேஷுவால்டி மேஜையில் பெட்டி உட்காரட்டும். ஏறு. ஏறித் தொலை. அண்ணா, ஏறுண்ணா. அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஏ.சி. தண்ணீர் டொக் என்றது.

மூன்று இருபத்தைந்துக்கு மெஷின் கூவி நின்றது. முதலில் இவளுடைய இருபது குழி. ஏழு புள்ளி எட்டு. எட்டு புள்ளி ஒன்று. ஒன்பது. ஏழு புள்ளி நாலு. ஒன்று விடாமல் உடைந்தது, உடைந்தது, உடைந்தது. ஒன்பது பேர். நாற்பத்தேழு: நாலு புள்ளி ஆறு. சுத்தம். அவளுக்கு மூச்சு வந்தது. அப்புறம் சாரின் மூன்று. உடைந்த ஒன்பதும் நெடுநெடுவென்று மேலே. ஆரோக்கியமான பத்தும் கீழே. நாற்பத்தேழு எங்கே? மேலே தேடினாள், இல்லை. இன்னொரு தடவை தேடினாள். கீழே, அந்த ஆரோக்கியமான பத்துப் பேருக்கு நடுவில், அவர்களில் ஒருவனாக, ஒரு குறையும் இல்லாதவனாக நின்றது. சிறுமூளை அழுகிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த ரத்தம். இந்தப் பெட்டி அன்றைக்கு அந்த மேஜையில் இருந்திருந்தால் இதுவும் அவன் தோளைத் தட்டித்தான் அனுப்பியிருக்கும். ஒன்றரை வருஷமாக 'இருந்திருந்தால், இருந்திருந்தால்' என்று அரைத்தாளே, அது வெறும் கல். நாளைக்கு இந்தச் சனியன் பெட்டிக்குள் போய் ஊர் ஊராக உட்காரும். எவளோ ஒரு நர்ஸ் பொறுப்பாக, மெதுவாக, ஓரத்தில் வழிய விட்டு ரத்தம் எடுப்பாள். அவள் எடுத்த குழாய்க்கெல்லாம் ஒன்றுமில்லை என்று வரும். அம்சவேணி எழுந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, காது இரண்டும் நெருப்பாகக் கொதித்தது. பீரோவைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்து, சிவப்புப் பேனாவால் முதல் 'தெளிவு'வை அடித்து, 'சிவப்பு' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் இன்றைய தேதியும் போட்டாள். அடுத்தது. அடுத்தது.

சார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். அவர் நேராகத் திரைக்குப் போனார்.

"அட, பிரமாதம்மா! ஒன்பது சும்மா ஜம்முன்னு வந்திருக்கு." குனிந்து பார்த்தார். "இது என்ன ஒண்ணு மட்டும் கீழ கெடக்குது? நாப்பத்தேழா? பெஸ்ட் சாம்பிளாச்சே. சரி, ஏதோ கைப்பிழை. அதை எடுத்துடு. ஒன்பது போதும்."

"கைப்பிழை இல்ல சார். அது ஒண்ணுதான் நல்ல ரத்தம். மத்த ஒன்பதும் உடைஞ்சது. செக் பண்ணிட்டேன், அதுவும் அங்கயே இருக்கு பாருங்க."

"உடைஞ்சதா? ரிஜிஸ்டர்ல..."

"ரிஜிஸ்டர் பொய் சார். நான்தான் எழுதுனேன். பார்க்காம எழுதுனேன். இப்பத் திருத்திட்டிருக்கேன்."

சார் ரிஜிஸ்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று. "அம்சவேணி, அவங்க கீழ வந்துட்டாங்கம்மா. நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? உன் வேலை போயிடும். இப்போதைக்கு அந்த ஒண்ணை எடுத்துட்டுப் படத்தைக் குடு, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"எடுக்க மாட்டேன் சார்."

"ஒரே ஒரு குழாய்ம்மா!"

"அது எங்க அண்ணன் சார்." பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னாள். "ஒண்ணுமில்லேன்னு இந்த ஆஸ்பத்திரி ஒரு தடவை அவரை வெளிய அனுப்பிருச்சு. நான் மேல உக்காந்து அவர் ரத்தத்தைச் சுத்திக்கிட்டிருந்தேன். இன்னொரு தடவை அனுப்ப விட மாட்டேன்."

நாற்பத்தேழாவது வரி வந்தது. அதில் 'தெளிவு' என்று இருந்தது. அதை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு நாற்பத்தெட்டுக்குப் போனாள்.